பிலிம் டப்பாவில் இருந்த குளவி

என் தம்பியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பூச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்று ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடித்தவன், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பின்பக்கச் சுவரில் படர்ந்த கொடிக்கு முன்னால் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கையில் கேமரா. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருப்பான். ஃப்ளாஷ் வெளிச்சம் கண்ணைக் குத்தாமலிருக்க அதன் முன்னால் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டு. எள்ளில் பாதி இருக்கிற ஜந்துவை உள்ளங்கை அகலத்துக்குக் காட்ட இவ்வளவு பாடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நான் அவன் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. அவனோ கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டான். "நமக்கப்புறம் பேர் சொல்ல ஒரு புழு பூச்சி உண்டாடா?" என்று கேட்டால், "பூச்சி நிறைய இருக்குக்கா" என்று சிரிப்பான். சமையல்கட்டில் எறும்பு மருந்து வைக்கக்கூட விடமாட்டான். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தியே என் காலம் போயிற்று.

போன வருஷம் அந்தக் கொடியில் ஒரு பச்சைக் குளவியைப் பார்த்தான். குளவி என்றதும் பயந்துவிடாதீர்கள், மிளகுத்தூளில் ஒரு துணுக்கு அளவுதான். மயிரிழை மயிரிழையாகக் கேமராவை நகர்த்தி அறுபத்து நான்கு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரே படமாகச் சேர்த்து, அருங்காட்சியகத்தில் பூச்சிகளை ஆராய்கிற ஓர் அம்மாவுக்கு அனுப்பினான். மறுநாளே அவர் போன் செய்தார்.

"சார், இதை இதுவரைக்கும் யாரும் பார்த்து எழுதினதா தெரியல. ஆனா படத்தை மட்டும் வெச்சு நான் பேர் வைக்க மாட்டேன். பூச்சியே வேணும். ஸ்பிரிட்ல போட்டுக் கொண்டு வாங்க. புதுசுதான்னு உறுதியாச்சுன்னா உங்க பேரையே வெச்சிடலாம்."

அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "அக்கா, நாம செத்தாலும் அந்தப் பேர் இருக்கும்" என்று மூன்று தடவை சொன்னான். நான்தான், "ஆமா, பெரிய ராஜ்யம் பிடிச்சிட்டே" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் தேடி, ஒரு சனிக்கிழமை ஒன்றே ஒன்றைப் பிடித்தான். ஸ்பிரிட்டில் போட மனசு வரவில்லை. துள்ளுகிற பூச்சியைக் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்தால் மயங்கி அசையாமல் கிடக்கும். அப்படித்தான் பல படங்கள் எடுத்திருக்கிறான். அதே மாதிரி மயக்கத்திலேயே வைத்திருந்து திங்கட்கிழமை உயிரோடு கொடுத்துவிடலாம் என்று பழைய பிலிம் டப்பாவில் அடைத்து, முட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். ஏன் ஒளித்தான்? "இன்னொரு தடவை பிரிட்ஜ்ல பூச்சியைப் பார்த்தேன், உன்னையும் சேர்த்துத் தூக்கி வெளியில போட்டுடுவேன்" என்று நான் கத்தியிருந்தேன்.

ஞாயிறு காலை அவன் முடிவெட்டப் போனான். நான் பிரிட்ஜைத் துடைக்க உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரு தூசி. சோப்புப் போட்டு, வெந்நீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"அக்கா, இதுல இருந்தது எங்க?"

"என்னடா இருந்துச்சு? தூசிதான். கழுவிட்டேன்."

அவன் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றினான். அதில் தேங்கியிருந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, வெள்ளைத் தட்டில் பரப்பி, லென்ஸை வைத்துச் சாயங்காலம் வரை தேடினான். நான் டார்ச் அடித்தேன். சோற்றுப் பருக்கைகள் இருந்தன, என் தலைமுடி இருந்தது. அது இல்லை.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் என் பாவம் கொஞ்சமாவது கரைந்திருக்கும். "நான் சொல்லியிருக்கணும்க்கா. நீ கத்துவேன்னு பயந்துட்டேன்" என்றான். ஐம்பத்திரண்டு வயசுக்காரன்! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரியான எனக்கு அந்த மட்டமான புத்தியும் இல்லாமல் போயிற்று.

ஐந்து மாதம் அந்தக் கொடி முன்னால் நின்றான். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானும் போய் நின்றேன். எனக்கு எல்லாமே தூசியாகத் தெரிந்தது, ஆனாலும் ஒவ்வொரு தூசியையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஆஸ்பத்திரிக்கு மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று கொடியை வேரோடு வெட்டி, சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். வேறெங்கும் அந்தக் குளவி அவன் கண்ணில் படவில்லை. அருங்காட்சியக அம்மாவும் போன் செய்வதை நிறுத்திவிட்டார்.

கேமரா பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. போன வாரம் சமையல்கட்டில் எறும்பு சாரை வைத்தது. பழக்கதோஷத்தில் தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்தவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

"எறும்பு மருந்துக்கா. மூலையில தூவிடு."

என் கை நீளவில்லை. "வேணாம்டா, தட்டே போதும்" என்றேன். அவனே பொட்டலத்தைக் கிழித்தான். சாரைக்குப் பக்கத்தில் குனிந்து, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தூவினான். மூச்சைக்கூடப் பிடிக்கவில்லை.