கன்றுக்குக் கல்யாண மேக்கப்

கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் படம் திருத்துகிற வேலை பார்த்தார். மணப்பெண்ணின் பருவை அழிப்பார், மாப்பிள்ளையை வெளுப்பாக்குவார், குரூப் போட்டோவில் கண்ணை மூடியவர்களுக்கு வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டுவார். அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் நான் எடுக்கிற காட்டு விலங்குக் குட்டிகள் எல்லாம் அவர் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டு வந்தால் நிக்காஹ்வுக்குக் கிளம்பியது போல இருக்கும்.

எனக்குக் குட்டிகள் என்றால் ஒரு கிறுக்கு. பழைய கேமரா ஒன்றும் நீளமான லென்ஸ் ஒன்றும் வைத்திருக்கிறேன். பெரிய விலங்கு நின்று நிதானமாகப் பார்க்கும். குட்டி சும்மா இருக்காது. ஃபோகஸ் பிடிப்பதற்குள் வால் மட்டும்தான் மிஞ்சும். ஒருமுறை கருமந்திக் குரங்குக் குட்டி ஒன்று தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்த்தது. அபூர்வமாகக் கிடைத்த படம். சாயங்காலம் கம்ப்யூட்டரைப் பார்த்தால் குட்டி கன்னங்கரேலென்று இருந்தது.

"என்ன மச்சான் பண்ணீங்க?"

"கலர் தப்பா விழுந்திருந்துச்சு. தாய் கறுப்பு, குட்டி செம்பட்டையா இருக்கு. சரி பண்ணிட்டேன்."

"கருமந்திக் குட்டி பொறக்கும்போது அந்தக் கலர்லதான் இருக்கும்."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான" என்றார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், கடை திறக்க லாயக்கில்லாத தூறல். பக்கத்து வீட்டு டீச்சர் பின்வாசல் வழியாக வந்தார். ரிட்டையர் ஆகித் தனியாக இருப்பவர். தெருவில் நாய், பூனை எது பசித்துக் கிடந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"ஏம்மா, ஒங்க வேலிக்கு அந்தாண்ட ஒரு காட்டுமாட்டுக் கன்னு கெடக்கு. நானும் வெள்ளனே இருந்து பாக்கேன், தாயக் காணோம். விட்டுட்டுப் போயிருச்சு போல."

மாடி ஜன்னலில் போய்ப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் காலி மனை. அதன் கடைசியில் வாட்டில் மரங்கள் அடர்ந்து இருட்டாக இருக்கும். மரங்களுக்கு முன்னால், புல்லில், தேன் நிறத்தில் ஒரு கன்று சுருண்டு படுத்திருந்தது. பிறந்து ஓரிரு நாள்தான் இருக்கும். காது மட்டும் ஈயை விரட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, அசையாத குட்டி. படமாக எடுத்துத் தள்ளினேன்.

வனத்துறைக்குப் போன் பண்ணினோம். பெருமாள்மலைப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, அங்கே சோலி முடிந்ததும் ஆள் வரும், அதுவரை கிட்டப் போக வேண்டாம் என்றார்கள். டீச்சர் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

நாங்கள் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். படமெல்லாம் மங்கலாக இருந்தது. அவர் முதல் வேலையாகக் கன்றின் முகத்தை வழவழவென்று ஆக்கினார்.

"மூக்குல ஒட்டியிருந்த புல்லக் காணோமே."

"அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"புல்ல வைங்க. மொகத்த விடுங்க. பின்னால ஒரே இருட்டா இருக்கு பாருங்க, அத மட்டும் கொஞ்சம் தூக்குங்க."

முனகிக்கொண்டே நிழல் பகுதியின் வெளிச்சத்தைக் கூட்டினார். கறுப்பு மெதுவாகச் சாம்பலானது, பிறகு பச்சை தெரிந்தது. மரங்களுக்கு நடுவே, கீழே, வெள்ளையாக என்னவோ நின்றது.

"பைப்பு போல இருக்கு. அழிச்சிரவா?"

"இருங்க மச்சான்."

பெரிதாக்கினோம். நான்கு வெள்ளைக் கால்கள், காலுறை போட்ட மாதிரி. அதற்கு மேலே மரத்தின் நிழலென்று நாங்கள் நினைத்திருந்தது முழுக்க உடம்பு. அதற்கும் மேலே வளைந்த கொம்பு. ஒரு கண் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்தது. அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நான் ஜன்னலுக்கு வந்தேன். டீச்சர் கையில் பால் சொம்போடு வேலிச் சந்தில் நுழைந்து, காலி மனையில் இறங்கியிருந்தார். தலையை வெளியே நீட்டினேன்.

"டீச்சர், அங்கேயே நில்லுங்க. தாய் மரத்துக்குள்ளதான் நிக்குது."

"எங்கம்மா? ஒண்ணும் தெரியலையே."

எனக்கும் தெரியவில்லைதான். வெறுங்கண்ணுக்கு அங்கே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்று, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "திரும்பி ஓடாதீங்க டீச்சர். அப்படியே பின்னால வாங்க. மெதுவா."

அப்போது மரத்துக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு கேட்டது. டீச்சர் சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வேலிக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. அந்தப் பாலில்தான் நான் டீ போட்டேன். டீச்சர் இரண்டு தம்ளர் குடித்த பிறகே ஸ்கிரீனைப் பார்த்தார்.

"நம்மளத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார். வனத்துறைக்கு மறுபடி போன் பண்ணித் தாய் இருப்பதைச் சொன்னதும் அவரேதான்.

வெளிச்சம் குறைகிற நேரத்தில், மூடுபனி இறங்கியதும், தாய் வெளியே வந்தது. கன்று எழுந்து, கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறி, மடியைத் தேடி முட்டியது. நாங்கள் மூன்று பேரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். வெளிச்சம் போதாமல் முக்கால்வாசிப் படம் பாழ். ஒன்று மட்டும் தேறியது. பனிக்குள் பாதி கரைந்த தாய், அதன் காலடியில் கன்று. பால் குடித்து முடிந்ததும் இரண்டும் மரங்களுக்குள் போய்விட்டன.

என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பனியை நீக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும்.

"இதுல நான் கை வைக்கல" என்றார். பிறகு மனசு கேட்காமல், வேலிக் கம்பம் சாய்ந்திருக்கிறதென்று படத்தை லேசாகத் திருப்பி நேராக்கினார். எங்கள் கம்பம் நிஜமாகவே சாய்ந்துதான் நிற்கிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.