உப்பு இறங்காத சவ்வு

ரசலையன் ரப்பர் பாலை வட்டிலில் ஊற்றி, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பரப்பினார். வெங்காயத் தோல் கனத்தில் அது உறைந்ததும் துணி போர்த்தி, வட்டிலோடு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு குச்சியும் நட்டார். இது ஒன்பதாவது வட்டில். வீட்டில் இனி வாழையிலையில்தான் சோறு.

குலசேகரத்து எஸ்டேட்டில் பத்து வருஷம் ரப்பர் ஷீட் அடித்து, பிறகு சொந்தமாக ஷீட் அடிக்கும் மிஷின் வாங்கி, ஓட்டு வீடும் கட்டிய மனுஷர். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்காக வருத்தப்பட்டதில்லை. கூடப் படித்து நாலாம் வகுப்புக்குப் போனவர்களில் எவனுக்கும் ஓட்டு வீடு கிடையாது என்று பெயர் சொல்லி எண்ணிக் காட்டுவார்.

மணல் கம்பெனிக்கு வந்த ஒரு சார் பேச்சுவாக்கில் சொன்னதுதான் ஆரம்பம். இந்த மணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருகிறது. சீமையில் அந்த மாதிரிக் கதிரைப் பாய்ச்சி பிளாஸ்டிக்கின் குணத்தையே மாற்றுகிறார்கள். புண்ணுக்குப் போடும் சவ்வும், உப்பை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் சவ்வும் ஒரு நாள் வரும் என்றார்.

"ஒரு நாளா? கதிரு நம்ம மண்ணுல கெடக்கு, ரப்பரு நம்ம வீட்டுல கெடக்கு" என்று ரசலையன் அன்றைக்கே இறங்கிவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. வீட்டுக் கிணறு உப்பு. மனைவி செல்லக்கனி ஒரு மைல் நடந்து நல்ல தண்ணீர் சுமந்தாள். கிறிஸ்மசுக்குள் வீட்டுக் கிணற்றிலேயே நல்ல தண்ணீர் தருவதாகவும், தவறினால் தானே குடம் சுமப்பதாகவும் கோயில் முற்றத்தில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். குடம் சுமந்த ஆம்பிளை அந்தத் தெருவில் அதுவரை இல்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷக் கிறிஸ்மசுக்கு முந்தின நாள் தெருவே கூடியது. ஒன்பதாவது சவ்வைக் ஊறுகாய் போடும் கண்ணாடிப் பரணியின் வாயில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் கிணற்று நீரை ஊற்றினார். நீர் குழிந்து நின்றது. அரை மணி நேரம் ஆயிற்று.

"நல்லாப் பாருங்க. ஒரு பொடி உப்பு உள்ள போச்சா?"

போகவில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். செல்லக்கனி குனிந்து பரணியைப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு வெள்ளமும் போவல்லியே."

"ஒரே நாள்ல எல்லாஞ் செய்ய முடியுமாட்டி?" என்றார் ரசலையன். "மொதல்ல உப்ப நிறுத்தியாச்சு."

செல்லக்கனியின் தம்பி ஜான்ரோஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "புண்ணுக்கும் ஆவும்னு சொன்னியள்லா அத்தான். குடம் சொமந்து தோளு பொத்துப் போனா எடுத்து ஒட்டிக்கிடுங்க" என்றான்.

ரசலையன் சவ்வை அவிழ்த்து உதறி, நாலாக மடித்துத் தோளில் போட்டு, அதன்மேல் குடத்தைத் தூக்கி வைத்தார். யார் கண்ணிலும் படாத பின்வாசல் பாதையை விட்டுவிட்டு, கடைத்தெரு வழியாகவே நடந்தார்.