அக்கரையோடு பேச அனுமதி

வில்லரேயில் புதுக் குடியேறிகளுக்கு நடந்த பிரெஞ்சு வகுப்பில் எனக்கு முன் வாங்கில் உட்காரும் இருவர் எப்போதும் சேர்ந்தே இருப்பார்கள். அவள் ருமேனியாக்காரி. அவன் மோல்டோவாக்காரன். இரு நாடுகளுக்கும் நடுவே ஓர் ஆறு; பேசுவது ஒரே மொழி. ஆசிரியை பலகைப் பக்கம் திரும்பினால் போதும், குசுகுசுவென்று சிரிப்பு.

ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த வருடம் அது; மோல்டோவா சேரவில்லை. செய்தி ஒன்றைச் சொல்லும் பயிற்சியில் அவள் எழுந்து, தன் நாட்டுக்கும் ஒன்றியத்தின் மற்ற நாடுகளுக்கும் இனிப் பொதுவான பாதுகாப்புக் கொள்கை என்று பெருமையாகச் சொன்னாள். அவன் கைதட்டவில்லை.

இடைவேளையில் அவனிடம் காரணம் கேட்டேன். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு.

“இவள் தம்பி ஆற்றங்கரையில் எல்லைக் காவலில் நிற்கிறான். அக்கரையில் என் அப்பா மீன் பிடிக்கிறார். இனி அவனுக்கு அவர் யார்?”

“அதே கிழவர்தான்!” என்று வெடுக்கென்று சொன்னவள், மறுநாள் வேறு வாங்குக்குப் போய்விட்டாள்.

பல நாடுகள் சேர்ந்து காவல் போட்டால் வெளியே நிற்கும் அயலவன் நண்பனா, ஆபத்தா? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

“எங்கட அயல்நாட்டு ஆமி அமைதி காக்கிறமெண்டு யாழ்ப்பாணம் வரேக்க எங்களைக் கேட்டுட்டே வந்தவை?” என்றாள். “அந்தப் பிள்ளையைத் தம்பியிட்டையே கேக்கச் சொல்லுங்கோவன். அங்க நிக்கிறவனுக்குத்தானே தெரியும்.”

அதை வகுப்பில் நான் சொன்னபோது ருமேனியாக்காரி முறைத்தாள். ஆனாலும் வார இறுதியில் தம்பிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை பழைய இடத்தில் வந்து அமர்ந்து, எனக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சிலேயே சொன்னாள்.

“முன்பு தம்பி ஆற்றுக்கு இக்கரையில் நின்று அக்கரைக் காவலர்களோடு கத்திக் கதைப்பானாம். இப்போது அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமாம். ஆனால் புதுப் படகுகள் வந்திருக்கின்றன. வெள்ளம் வந்தால் ஆட்களை ஏற்ற, இரு கரைக்காரரும் சேர்ந்து பயிற்சி எடுக்கிறார்களாம்.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். “அப்படியென்றால் உன் தம்பியோடு பேச என் அப்பா வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகை அனுப்பியதும் பேச்சை நிறுத்தியதும் ஒரே கொள்கைதானா? அந்த மேலிடம் எந்த ஊரில் இருக்கிறது? கேட்டேன்.

“தம்பிக்கே தெரியாது,” என்றாள்.

“அடுத்த முறை அவனிடம் என் அப்பாவின் பெயரைச் சொல்லு,” என்றான் அவன். “தூரத்திலிருந்து அவர் கைகாட்டினால், யாரென்றாவது அவனுக்குத் தெரியட்டும்.”

அவள் அந்தப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.