மிதிக்க விடாத பாத்தி

கண்ட உண்மையில் எவ்வளவைச் சொல்ல ஒருவர் கடமைப்பட்டவர்? சந்தனமேரியை நினைத்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அவளிடமே கேட்டிருந்தால், போய் வேலையைப் பார்க்கச் சொல்லியிருப்பாள்.

எழுபத்து நாலாம் வருடம், தை மாதம். மரக்காணம் உப்பளத்தில் மழைநீரை வடித்துவிட்டு, பாத்திச் சேற்றைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை நடந்தது. பெண்கள் வரிசையாக மிதித்துக்கொண்டே போவார்கள். வரிசையில் முதல் ஆள் சந்தனமேரி. இரவில் பாத்தியைக் கடந்தது எதுவென்று அவள் கண்ணில்தான் முதலில் படும். அடுத்த நொடி அவள் காலே அதை அழித்துவிடும். இப்படிப் பார்த்துப் பார்த்து அழித்ததில் கீரி, முயல், காட்டுப்பூனை எல்லாவற்றின் காலடியும் அவளுக்கு அத்துப்படி. இதில் மெச்சுவதற்கு அதிகமில்லை. கண் இருந்தது, பார்த்தாள்.

அன்று காலை பாத்தியோரம் ஓர் ஆட்டுக்குட்டி குதறப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில், வாயெல்லாம் ரத்தமாக, சாலம்மாளின் நாய். முன்பே குப்புசாமியின் குட்டிகள் இரண்டு இப்படிப் போயிருந்தன. இந்தக் குட்டி சந்தனமேரியுடையது. குப்புசாமி நாயைச் சவுக்குமரத்தில் கட்டிவிட்டு உருட்டுக்கட்டையோடு வந்தான். உப்பளத்தோரம் தனியாகக் கிடக்கும் சாலம்மாளுக்கு அந்த நாயை விட்டால் துணையில்லை. அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பேருதான் டைகருன்னு நெனச்சோம். வேலையையும் காட்டிடுச்சே" என்று வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பாத்தியில் இறங்கிய சந்தனமேரி இரண்டடியில் நின்றாள். கைகளை விரித்து மறித்தாள்.

"யாரும் கால வைக்காதீங்க."

மேஸ்திரி ராஜாங்கம் வரப்பில் ஓடிவந்தார். "ஏம்மா, வெயில் ஏறுது. சேறு காஞ்சு வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

"வெடிக்கட்டும். குப்புசாமி வந்து பாக்கட்டும்."

"நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத!"

"நாளைக்குப் பேச்ச நாளைக்குப் பேசலாங்க. இப்ப நகர மாட்டேன்."

குப்புசாமி வந்தான். அவள் விரலால் காட்டினாள். "இது குட்டிய இழுத்துக்கினு வந்த தடம். பக்கத்துல பாரு, நூல் புடிச்ச மாதிரி ஒரே கோட்டுல அடி. நாய் இப்படியா போவும்? அங்க மோந்து இங்க மோந்து கோணலாப் போவும். இது நரி."

"நாய் அடியும் இருக்குதே?"

"இருக்குது. நரி அடிக்கு மேல இருக்குது. நரி துண்ணுட்டுப் போனப்புறம் மிச்சத்துக்கு வந்திருக்குது."

வரப்பு மேட்டில் காய்ந்து கிடந்த விட்டையைக் குச்சியால் உடைத்தாள். குப்புசாமி மூக்கைப் பொத்தினான்.

"ஒரு உசுர அடிச்சுக் கொல்ல கட்டைய எடுத்தியே, இதுக்கு மூக்கப் பொத்துறியா? குனிஞ்சு பாருப்பா."

ஆட்டுமயிர், நண்டு ஓடு, நடுவே இலந்தைக்கொட்டைகள்.

"சாலம்மா வூட்டு நாய் எலந்தப்பழம் பொறுக்கப் போவுதா?"

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். குப்புசாமி வெகுநேரம் குனிந்திருந்தான். பிறகு கட்டையைக் கீழே போட்டான். சாலம்மாள் கயிற்றை அவிழ்த்தாள்.

"சரி, நரிதான். எங்க பூந்துச்சுன்னு சொல்லு. வளையத் தோண்டி முடிச்சுட்டு வர்றோம்."

வரப்பைத் தாண்டினால் உலர்ந்த மணல். மற்றவர்களுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. சந்தனமேரி கொஞ்ச தூரம் நடந்தாள். இராவணன்மீசைப் புல் படர்ந்த மேட்டைப் பார்த்தபடி நின்றாள். திரும்பி வந்தாள்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எங்க?"

"சொல்ல மாட்டேன்."

"உன் குட்டியும்தான போச்சு!"

"போச்சு."

குப்புசாமி கத்தினான், மேஸ்திரியும் சேர்ந்து கத்தினார். அவள் பாத்தியில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தாள்.

மாசியில் அவளுடைய இன்னொரு குட்டியும் போனது. அப்போதும் சொல்லவில்லை.