பதினோரு நாள் தெளிவு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். குழந்தை வைத்தியத்துக்கு அது ஆகாது என்று தெரிந்தும் திருந்தவில்லை. திருவண்ணாமலையில் என் கிளினிக்குக்கு வந்து திட்டு வாங்காமல் போன தாய்மார்கள் கம்மி.

சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கும் பிள்ளைகளுக்கு, வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன். காலையில் முதல் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சூடுபடுத்தி, இரண்டு சொட்டு வினிகர் விட வேண்டும். அப்படியே இருந்தால் நோட்டில் 'தெளிவு' என்று எழுத வேண்டும். வெள்ளையாகத் திரிந்தால் நோய் திரும்பிவிட்டது. மூன்று நாள் விடாமல் திரிந்தால் ஓடி வர வேண்டும், மாத்திரையைக் கூட்டுவோம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருத்தி ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு, முத்து முத்தான எழுத்து. அதை வெளியே காத்திருந்தவர்களிடம் தூக்கிக் காட்டி, "இவங்களும் உங்கள மாதிரி ஒரு அம்மாதான்" என்றேன். கூச்சத்தில் நெளிந்தாள், சந்தோஷம் மட்டும் மறையவில்லை.

அடுத்த மாதமே நோய் திரும்பியது. "உப்பு ஆகாதுன்னு சொன்னேனே, ஊறுகா குடுத்தீங்களா? அப்பளமா?" என்று அதே ஆட்கள் முன்னால் அவளைப் பிடித்துக் காய்ச்சினேன். சாதாரண சளி பிடித்தாலே இந்த நோய் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா என்ன? வாய் நிற்கவில்லை.

அதற்கப்புறம் நோட்டு முழுக்கத் தெளிவுதான். கடைசியாக வந்த அன்று குழந்தைக்கு லேசான இருமல். கன்னம் உப்பியிருந்தது, எடை ஒன்றரை கிலோ ஏறியிருந்தது. மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கு முகம் அப்படித்தான் ஆகும் என்று சொல்லி, நோட்டை நம்பி மாத்திரையைக் குறைத்து எழுதினேன்.

ஆறாம் நாள் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஓடி வந்தாள். படுக்க வைத்தால் மூச்சு முட்டியது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர், உள்ளே நிமோனியா. ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், நானும் கூடவே ஏறினேன்.

செஞ்சி தாண்டியதும் அவள் சொன்னாள். "பதினோரு நாளா திரிஞ்சிச்சி மேடம். உங்ககிட்ட வந்த அன்னிக்கே அஞ்சு நாள் ஆயிருந்தது. நாளைக்கு சரியாயிடும், நாளைக்கு சரியாயிடும்னு தெளிவுன்னே எழுதிட்டேன். எல்லார் முன்னாடியும் மறுபடி திட்டுவீங்களேன்னு பயமா இருந்தது."

மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்துச் சின்னவனுக்குச் சளி என்று வந்தாள். இந்த ஊரில் வேறு டாக்டரா இல்லை, என்னிடமே வந்தாள். சீட்டு எழுதிக் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"நான்தான் மேடம் அத கொன்னுட்டேன். உங்களயும் ஏமாத்திட்டேன். என்மேல கோவமா இருக்கீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

அன்று அந்த முகத்தையும் எடையையும் பார்த்த பிறகு, குழந்தையின் சிறுநீரை வாங்கி நானே ஒருமுறை சோதித்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வெளியே கூட்டம் இருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.