பவானிபூரில் முன்பெஞ்சு

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காளிகாட் சந்தில் நனைந்த சிலேட்டின் வாசனை வந்ததும், பவானிபூரில் எங்கள் வங்காளி வாத்தியார் மாஸ்டர் மொஷாய் தம் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில், பெரிய இங்கிலீஷ் பள்ளிக்குப் பையன்களைத் தயார்செய்ய நடத்திய சின்னப் பள்ளி ஞாபகம் வந்தது. தேறியவனை அவர் எதுவும் சொல்லாமல் முன்பெஞ்சில் உட்கார வைப்பார். ஒரு மழைநாளில், கூரை ஒழுகி என் சிலேட்டில் எழுதியதெல்லாம் கரைந்துகொண்டிருந்தபோது, என்னையும் அங்கே உட்கார வைத்தார்.

அப்பா கேட்டார்: "ஏண்டா, தேறிட்டேன்னு வெச்சாரா, நனையறேன்னு வெச்சாரா?"

"தெரியலைப்பா."

"கேக்கறதுதானே? வாயில என்ன, ரசகுல்லாவா?"

கூச்சத்தில் நாளை, நாளை என்று தள்ளினேன். பூஜை விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனால், மாஸ்டர் மொஷாய் ஊரைவிட்டே போயிருந்தார்; கொட்டகையைப் பிரித்திருந்தார்கள். தேறினேனா என்று தெரியாததால் அப்பா என்னைப் பெரிய பள்ளியில் சேர்க்கவில்லை. படிப்பு அதோடு நின்றது.

என் பக்கத்தில் உட்கார்ந்த பையனும் அன்று நனைந்தான், அவனை அவர் இடம் மாற்றவில்லை, அதனால் நான் தேறித்தான் இருப்பேன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவன் அன்று வந்திருந்தானா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

எழுதியது: ஆடி மூன்றாம் தேதி.