மூன்று சோடிக் கையுறைகள்

"கார் துடைக்கிறவளின்ர பிள்ளை நீ. பள்ளிக்கூடம் முடிச்சதே பெரிசு. இன்னும் என்னத்தைப் படிச்சுக் கிழிக்கப் போறாய்?"

மாமி, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு பிறந்தநாள் விழாவில் வாய் நிறையக் கேக்கோடு என்னிடம் இப்படிக் கேட்டார். ஒடென்சே நகரில் எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்த வாரம் அது. மாமியின் சந்தேகத்தில் பிழை சொல்ல முடியாது. எனக்கு முன் எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவரும் இல்லை. அம்மா நான்காம் வகுப்பில் இருந்தபோது இடம்பெயர்ந்து, அதன்பிறகு பள்ளிக்கூடத்தையே காணாதவர். ஆனால் முதல் வசனத்தை மாமி ஒரு குறைபோலச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கார் துடைப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் பெப்ரவரி மாதத்தில் எங்கள் டேனிஷ் ஊரான பிரெடெரிசியாவில் ஒரு வாளித் தண்ணீரோடு வெளியே நின்று பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை. அப்பாவுக்கு மீன் தொழிற்சாலையில் பகல் வேலை. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனார். பழைய கார்களை வாங்கி விற்கும் இடம் அது. கூரை மட்டும் உள்ள, சுவரில்லாத ஒரு கொட்டகையில் அம்மா கார்களைக் கழுவி, துடைத்து, கையில் பிடிக்கும் மெஷினால் பொலிஷ் போடுவார். முதலாளியை எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சாப்பாட்டு அறையில் படம் கீறிக்கொண்டிருக்கலாம் என்று அவர் சம்மதித்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்ல பிள்ளையா இரு, குஞ்சு," என்று அம்மா பஸ்சில் சொன்னார். அம்மாவின் மூன்று மாதச் சோதனைக்காலம் வெள்ளிக்கிழமை முடிகிறது. வேலை நிலைத்தால்தான் அம்மா இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். வெள்ளிக்கிழமைக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கையைச் சூடாக வைத்திருக்க அம்மாவிடம் ஒரு முறை இருந்தது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதன்மேல் ஒரு அளவு பெரிய ரப்பர் கையுறை. எப்படியும் உள்ளே ஈரம் போய்விடும். அதனால் பருத்தியில் மூன்று சோடி. ஒன்று கையில், ஒன்று சாப்பாட்டு அறை ஹீட்டரில், ஒன்று காய்ந்து தயாராக. சுடுதண்ணீரில் மட்டும் கை வைக்கமாட்டார். "அஞ்சு நிமிசம் சொர்க்கம், பிறகு ஒரு மணித்தியாலம் நரகம்" என்பார். கார்களைக் கழுவும் ஒழுங்கிலும் ஒரு தந்திரம் இருந்தது. இரண்டு குளிர்ந்த கார்களுக்கு நடுவில், அப்போதுதான் ஓட்டிவந்து நிறுத்திய காரொன்றை வைத்துக்கொள்வார். அதன் பொனட்டைத் துடைக்கிற சாட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் எஞ்சின் சூட்டில் வைத்திருப்பார்.

"ஜெர்மன்காரன் கனநேரம் சூடு வச்சிருப்பான்," என்று எனக்கு விளக்கினார். "பிரெஞ்சுக்காரன் வந்த உடன ஆறிப்போவான். நம்பேலாது."

கையுறைகளைக் கொண்டு ஓடுவது என் வேலை. படம் கீறுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் புதன்கிழமை குளிர் கடுமையாகி, ஹீட்டர் ஒரு சோடியைக் காயவைப்பதற்குள் அம்மா இரண்டு சோடியை நனைத்துவிட்டார். ஷெஃப் தன் காப்பியை மைக்ரோவேவில் ஒரு நிமிடத்தில் சூடாக்குவதை நான் கவனித்திருந்தேன். கையுறைக்கு நான்கு நிமிடம் போதும் என்று கணக்கிட்டேன். கணக்கில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

மூன்றாவது நிமிடத்தில் சாப்பாட்டு அறையில் கார் சம்பூவும் கருகிய துணியும் கலந்த மணம் எழுந்தது. காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்த ஷெஃப், மைக்ரோவேவைத் திறந்து, ஓரம் கறுத்த ஒரு கையுறையை இரண்டு விரலால் தூக்கினார். காது சிவந்திருந்தது, ஆனால் சத்தம் போடவில்லை. கையுறையோடு நேரே கொட்டகைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

மாற்றுக் கையுறைக்காகக் காத்திருந்த அம்மா, வெறும் கைகளை ஒரு காரின் பொனட்டில் வைத்தபடி நின்றார். எங்களைக் கண்டதும் சட்டென்று கையை எடுத்தார். அந்த விரல்கள் நுனியிலிருந்து இரண்டாம் மூட்டுவரை மெழுகுதிரிபோல வெளுத்திருந்தன.

ஷெஃப் கையுறையை மறந்துவிட்டார். "உன் அம்மாவின் கைக்கு என்ன? ஏதாவது நோயா என்று கேள்," என்று டேனிஷில் என்னிடம் சொன்னார். அம்மாவுக்கு அப்போது டேனிஷில் காலை வணக்கமும் நன்றியும் காரின் நிறங்களும்தான் தெரியும். கேள்வி மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது.

"சின்னனிலயிருந்தே இப்பிடித்தான். எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் குளிருக்கு வாறது. நோகாது எண்டு சொல்லு."

"நோகுது எண்டு நேற்றுச் சொன்னீங்கள்."

"சொல்லு, குஞ்சு. வடிவாச் சொல்லு."

வடிவாகச் சொன்னேன். வகுப்பில் வாசிப்பதுபோல நிமிர்ந்து நின்று, ஒரு சொல் பிசகாமல். ஷெஃப் என் கையைப் பார்த்தார். அது மண்ணிறமாக, சூடாக இருந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் என்று சொன்னேனே! "எனக்கு வளர்ந்த பிறகுதான் வரும்," என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன்.

அவர் சிரித்துவிட்டார். மைக்ரோவேவ் சாப்பாட்டுக்கு மட்டும் என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கைகொடுத்து, வேலை நிரந்தரம் என்றார். ஒரு பெட்டி ரப்பர் கையுறையும் தந்தார். எல்லாம் ஆண்களின் அளவு.

"நீ கதைச்ச வடிவுக்குத்தான் வேலை தந்தவன்," என்றார் அம்மா, பஸ்சில். நான் அதை முழுதாக நம்பினேன். விடுமுறை முடிந்ததும் வகுப்பிலும் சொன்னேன்.

அந்தக் குளிர்காலத்திலிருந்து அம்மா எனக்குப் பல பதவிகள் தந்தார். "நீ பெரிய பிள்ளை, அம்மாவின்ர கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிடு பாப்பம்." "திறப்பைப் போட்டுக் கதவைத் திற பாப்பம்." காதுத் தோட்டின் சுரையையும் நான்தான் முறுக்கிவிடுவேன். என்னைத் திறமையாக வளர்க்கிறார் என்று பெருமைப்பட்டேன். அவரால் அவற்றைச் செய்ய முடியவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் வடிவாகச் சொன்ன அந்த வசனத்தோடு அம்மா இன்னும் பதினொரு குளிர்காலம் அதே கொட்டகையில் நின்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்குமா, அல்லது கொட்டகைக்கு ஒரு சுவர் வந்திருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் இப்போது படிப்பது நோயாளிகளின் கைகளை மறுபடி வேலைக்குப் பழக்கும் படிப்பு. "மசாஜ் இல்லையாம்," என்றுதான் அம்மா ஆட்களுக்கு விளக்குகிறார். அதிரும் மெஷினோடு குளிரில் வேலை செய்பவர்களுக்கு விரல் வெளுப்பதைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு பாடம் வந்தது. அன்றே அம்மாவுக்கு டொக்டரிடம் நாள் எடுத்தேன்.

"இப்ப என்னத்துக்குக் கிண்டுறாய்? வேலையையும் விட்டாச்சு, விசாவும் கிடைச்சிட்டுது," என்று அம்மா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வேலைக்கு முன்பே இப்படி இருந்ததா என்று டொக்டர் கேட்டார். அம்மா பழக்கதோஷத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை பதிலை அவரிடமே விட்டேன். அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, தன் சொந்த டேனிஷில், "இல்லை. அங்கேதான் வந்தது," என்றார்.

தொழிலால் வந்த நோய் என்று டொக்டர் எழுதிய அறிக்கை போன செவ்வாய்க்கிழமை அரசு அலுவலகத்துக்குப் போய்விட்டது. பழைய முதலாளியிடமும் விசாரிப்பார்களாம். அவருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது வயதில் உங்கள் கொட்டகையில் நின்று நான் மொழிபெயர்த்தது உண்மையல்ல, கடைசி வசனம் என் சொந்தக் கற்பனை என்று, நல்ல டேனிஷில். அடியில் முழுப் பெயரும் கையெழுத்தும் வைத்து நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன்.